கை விறைக்கற கடல்ல கவிழ்ந்து கிடக்கற கப்பல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஸ்காட்லாந்துக்கு வடக்க, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவுல இருக்கற ஸ்கேப்பா ஃப்ளோங்கற இடத்துல மூழ்கிக் கிடக்கற முதலாம் உலகப் போர் ஜெர்மன் கப்பல்களை டைவ் பண்ணிப் பார்த்ததைப் பத்தி ரெண்டு பாராதான் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டு சிலதை மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: அண்ணா, நான் இதுவரைக்கும் 30 டைவ் முடிச்சிட்டேன், எல்லாமே சூடான கடல்தான், அட்வான்ஸ்டு கோர்ஸும் பண்ணியாச்சு. வர்ற கோடையில ஸ்கேப்பா ஃப்ளோ போய் அந்த ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்கணும்னு ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடறாங்க. போகலாமா?

தம்பி, போங்க, ஆனா வர்ற கோடையில வேணாம். உங்க ஆசையை அடக்கணும்னு சொல்லலை, அந்தக் கப்பலைப் பார்த்து நீங்க சந்தோஷப்படணும்னுதான் சொல்றேன். இப்ப இருக்கற அனுபவத்தோட இறங்கினா நீங்க கப்பலைப் பார்க்க மாட்டீங்க, சிலிண்டர்ல எவ்வளவு காத்து மிச்சம்னு காட்டற உங்க கேஜையும் உங்க கையையும் மட்டும்தான் பார்த்துட்டு வருவீங்க.

அங்க தண்ணி குளிர்காலக் கடைசியில 6 டிகிரி வரைக்கும் இறங்கும், கோடை முடியற நேரத்துல 13, 14 டிகிரி, அதுதான் உச்சம். தண்ணி காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும், அதனால அங்க பெரும்பாலும் எல்லாரும் ட்ரைசூட்தான் போடுவாங்க, அதாவது உடம்புல தண்ணியே படாத உடை, உள்ள தடிமனான அண்டர்சூட், கழுத்துலயும் மணிக்கட்டுலயும் இறுக்கிப் பிடிக்கற ரப்பர் சீல். நீங்க பழகின வெட்சூட்டுக்கும், அதாவது உள்ள தண்ணி புகுந்துக்கற உடைக்கும், இதுக்கும் சம்பந்தமே இல்ல. ட்ரைசூட்டுக்குள்ள காத்து இருக்கு, ஆழம் போகப் போக அது சுருங்கி உடம்பை நறுக்குன்னு கிள்ளும், அப்ப நெஞ்சுல இருக்கற பட்டனை அமுக்கிக் காத்து விடணும், மேல வரும்போது அதே காத்து விரியும், அதை இடது தோள் பக்கத்து வால்வு வழியா வெளிய விடணும். இதுல கவனம் தப்பிக் காத்து கால் பக்கம் போயிடுச்சுன்னா தலைகீழா பலூன் மாதிரி மேல இழுத்துட்டுப் போயிடும், காலை மடக்கி உருண்டு நிமிரணும், அது 35 மீட்டர்ல கத்துக்கற விஷயம் இல்ல, 6 மீட்டர் ஆழத்துல ஒரு கல்குவாரித் தண்ணியில நாலு தடவை தப்பு பண்ணிக் கத்துக்கணும்.

அடுத்தது காத்துக் கணக்கு, இதை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. 35 மீட்டர்ல அழுத்தம் 4.5 பார், அதாவது மேல இருக்கறதைப் போல நாலரை மடங்கு. மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடறவர் அங்க 90 லிட்டர் விடுவார். உங்ககிட்ட 12 லிட்டர் சிலிண்டர் 200 பார்ல இருந்தா மொத்தம் 2,400 லிட்டர், அதுல 50 பாரை ரிசர்வா ஒதுக்கினா மிச்சம் 1,800, கணக்குப்படி 20 நிமிஷம், அதுல இறங்கற நேரமும் ஏறற நேரமும் போகணும், குளிர்ல மூச்சு வாங்கும்போது 20 லிட்டர்ங்கறது 25, 30 ஆகும். உண்மையா கப்பல் பக்கத்துல இருக்கறது பத்து நிமிஷம் கூட தேறாது. அதனாலதான் அங்க போறவங்க ரெட்டை சிலிண்டர் மாட்டறாங்க, இல்லன்னா பெரிய சிலிண்டரோட அவசரத்துக்குன்னு தனியா ஒரு பெயில்அவுட் சிலிண்டரும் எடுத்துக்கறாங்க, நைட்ராக்ஸும், அதாவது 28 இல்லன்னா 32 சதவீதம்னு ஆக்ஸிஜனைக் கூட்டின காத்தும், ஆழத்துக்குத் தகுந்த மாதிரி எடுத்துப்பாங்க. ஆக்ஸிஜனோட அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாதுங்கற கணக்குல பார்த்தா 32 சதவீதத்தை 34 மீட்டருக்குக் கீழ கொண்டு போகக்கூடாது, 28ன்னா 40 வரைக்கும் சரி.

நான் முதல் தடவை இறங்கினது க்ரோன்ப்ரின்ஸ் வில்ஹெல்ம்ங்கற போர்க்கப்பல் மேல. கயித்தைப் பிடிச்சுட்டு இறங்கறேன், பச்சைத் தண்ணி, அஞ்சாறு மீட்டருக்கு அந்தப்பக்கம் ஒண்ணும் தெரியலை, திடீர்னு கீழ ஒரு மலைச்சரிவு மாதிரி வந்துச்சு, அது கப்பலோட அடிப்பாகம். கப்பல் கவிழ்ந்து கிடக்கு. அதோட ஓரமாவே இறங்கிப் போய் 35 மீட்டர் கிட்ட விளிம்புக்குக் கீழ டார்ச் அடிச்சா, மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்கற இடுக்குல அந்த 30.5 செண்டிமீட்டர் வாய் அகலமுள்ள பீரங்கிக் குழாய் நீட்டிட்டு இருக்கு, மேல பூரா வெள்ளையும் ஆரஞ்சுமா அனிமோன்ங்கற கடல் உயிரி பூத்திருக்கு. முதலாம் உலகப் போர்ல ஜட்லண்ட் சண்டையில சுட்ட பீரங்கி அது. அதைப் பார்த்தது ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை முழுசா பார்க்க முடிஞ்சதுக்குக் காரணம் அதுக்கு முன்னாடி ட்ரைசூட்ல நான் போட்ட 40 டைவ்தான், கை தன்னால வால்வைத் தொட்டுட்டு இருந்துச்சு, மனசு பீரங்கிகிட்ட இருந்துச்சு.

அதனால ஒரு வருஷம் எடுத்துக்குங்க தம்பி. ட்ரைசூட் கோர்ஸ், நைட்ராக்ஸ், டீப் கோர்ஸ், அப்புறம் குளிர்ந்த தண்ணியில 20, 30 டைவ். ஃப்ரெண்ட்ஸ் முன்னாடியே போகட்டும்.

கேள்வி: அந்தக் கப்பல்களை எதிரி மூழ்கடிச்சாங்களா, புயல்ல போச்சா? ஒரே இடத்துல எப்படி அத்தனை கப்பல்?

ரெண்டும் இல்ல, அவங்களே மூழ்கடிச்சாங்க. 1918 நவம்பர்ல போர் நிறுத்தம் வந்ததும் ஹை சீஸ் ஃப்ளீட்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் படையோட 74 கப்பல்களை ஸ்கேப்பா ஃப்ளோவுல கொண்டு வந்து நிறுத்தி வெச்சாங்க. சரணடையலை, காவல்ல இருக்கு, அவ்வளவுதான். கப்பல்ல குறைஞ்ச ஜெர்மன் மாலுமிங்க, கரையில இறங்கக்கூடாது, ஒரு கப்பல்லேருந்து இன்னொரு கப்பலுக்குப் போகக்கூடாது, மாசக்கணக்கா அப்படியே. அந்தப்பக்கம் பிரான்ஸ்ல வெர்சாய் அமைதி ஒப்பந்தத்துக்காக இந்தக் கப்பல்களை யார் யாருக்குப் பங்கு போடறதுன்னு பேச்சுவார்த்தை நடக்குது. தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டருக்கு இந்தச் செய்தியெல்லாம் பழைய நியூஸ்பேப்பர் வழியாதான் தெரியும்.

1919 ஜூன் 21 காலையில காவலுக்கு நின்ன பிரிட்டிஷ் கப்பல்கள்ல பெரும்பாலானது பயிற்சிக்காக வெளிய போயிடுச்சு. ராய்ட்டர் ஏற்கனவே பேசி வெச்சிருந்த சிக்னலைக் கொடுத்தார், எல்லாக் கப்பல்லயும் அடியில இருக்கற வால்வுகளைத் திறந்து விட்டுட்டாங்க. மதியம் 12 மணிக்குக் கொஞ்சம் மேல ஃப்ரெட்ரிக் டெர் க்ரோஸ மூழ்கிச்சு, சாயங்காலம் 5 மணிக்குக் கடைசியா ஹிண்டன்பர்க். மொத்தம் 52 கப்பல். அன்னிக்கு ஸ்ட்ரோம்னெஸ் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஃப்ளையிங் கெஸ்ட்ரல்ங்கற படகுல ஜெர்மன் கப்பல்களைச் சுத்திப் பார்க்க வந்திருந்தாங்க, அவங்க கண்ணு முன்னாடியே ஒண்ணொண்ணா சாய்ஞ்சு போச்சு. நினைச்சுப் பாருங்க, சுற்றுலா வந்த குழந்தைங்க. ஒன்பது ஜெர்மானியர் அன்னிக்கு செத்துப்போனாங்க, மூழ்கறதைத் தடுக்கறேன்னு பதட்டத்துல பிரிட்டிஷ்காரங்க சுட்டதுல. மார்க்கிராஃப் கப்பல் கேப்டனும் அதுல ஒருத்தர். போர் முடிஞ்சு ஏழு மாசம் கழிச்சு.

அப்புறம் 1924லேருந்து எர்னெஸ்ட் காக்ஸ்ங்கற இஞ்சினியர் இதையெல்லாம் தூக்க ஆரம்பிச்சார், பழைய இரும்பு வியாபாரி, கப்பல் தூக்கின அனுபவமே கிடையாது. கவிழ்ந்து கிடந்த கப்பலோட ஓட்டையெல்லாம் அடைச்சு உள்ள காத்தை பம்ப் பண்ணி மிதக்க வெச்சாங்க, அந்த அழுத்தக் காத்துக்குள்ளயே ஆளுங்க போய் வேலை செஞ்சாங்க. மிச்சம் இருக்கற பெரிய கப்பல் ஏழு: போர்க்கப்பல் மூணு, கேனிக், க்ரோன்ப்ரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப். அதைவிடச் சின்ன க்ரூசர் நாலு, கேல்ன், ட்ரெஸ்டன், ப்ரும்மர், கார்ல்ஸ்ரூ. போர்க்கப்பலுக்கு மேல்பாரம் அதிகம், பீரங்கி, கவசம் எல்லாம் மேல, அதனால மூணும் கவிழ்ந்துதான் கிடக்கு. க்ரூசர்கள் பக்கவாட்டுல சாய்ஞ்சு கிடக்கு. முதல் தடவை போறவங்களுக்கு நான் க்ரூசரைத்தான் சொல்வேன், டெக், கப்பலை ஓட்டற பிரிட்ஜ் மேடை, பீரங்கி எல்லாம் கண்ணுக்கு நேரா கப்பல் மாதிரியே தெரியும். கார்ல்ஸ்ரூதான் அதுல ஆழம் குறைவு, 26 மீட்டர் கிட்ட.

கேள்வி: ரெகுலேட்டர் உறைஞ்சு போகும்னு எழுதியிருந்தீங்க. கடல் தண்ணியே உறையலை, ரெகுலேட்டர் எப்படி உறையும்?

நல்ல கேள்வி, இதைப் புரிஞ்சுக்காம யாரும் குளிர்ந்த தண்ணியில இறங்கக்கூடாது. ரெகுலேட்டர்ங்கறது சிலிண்டர் காத்தோட அழுத்தத்தைக் குறைச்சு வாய்க்குக் கொடுக்கற கருவி, அதுல சிலிண்டர் மேல மாட்டற பாகம்தான் முதல் ஸ்டேஜ். சிலிண்டர்ல 200 பார்ல அடைஞ்சு கிடக்கற காத்து முதல் ஸ்டேஜ் வழியா சடார்னு பத்து பார் அளவுக்கு இறங்கும்போது விரியுது, விரியற காத்து குளிரும், அந்த உலோகம் சுத்தி இருக்கற தண்ணியைவிட ரொம்ப கீழ போயிடும், பூஜ்யத்துக்குக் கீழ. அப்ப பக்கத்துல இருக்கற தண்ணியோ, உள்ள இருக்கற ஈரமோ ஐஸாகி வால்வைத் திறந்த நிலையிலயே பிடிச்சுக்கும். அதுக்குப் பேர் ஃப்ரீ ஃப்ளோ. காத்து நிக்காம கொட்டும், அது கொட்டக் கொட்ட இன்னும் குளிரும், இன்னும் இறுகும். ஆழத்துல ஒரு சிலிண்டர் சில நிமிஷத்துல காலியாயிடும்.

எனக்கு நடந்திருக்கு. ஏப்ரல் மாசம், தண்ணி 7 டிகிரி, கேல்ன் கப்பல் ஓரத்துல 32 மீட்டர். கொஞ்சம் கனமா இறங்கிட்டேன், ட்ரைசூட் பட்டனையும் மிதக்க வைக்கற ஜாக்கெட்டோட பட்டனையும் ஒரே நேரத்துல அமுக்கிட்டே ஒரு பெரிய மூச்சும் இழுத்துட்டேன். மூணு வேலையும் ஒரே முதல் ஸ்டேஜ் மேல. வாயில ஒரு உதறல் மாதிரி வந்துச்சு, அடுத்த செகண்ட் முகத்தைச் சுத்தி வெள்ளை வெளேர்னு குமிழி, சத்தத்துல ஒண்ணும் புரியலை, கூட வந்த பார்ட்னர் ஒரு மீட்டர் தூரத்துல இருந்தார், அவர் முகம் தெரியலை. அவரே வந்து தன்னோட ரெகுலேட்டரை என் வாய்கிட்ட நீட்டினார், மாத்திக்கிட்டேன். அப்புறம் என் வலது வால்வை மூடணும், கை பின்னாடி போகுது, 5 மில்லி க்ளவுஸ், இருபது நிமிஷமா குளிர்ல இருந்த விரல். வால்வோட திருகைத் தொட்டுட்டேனா இல்லையான்னே தெரியலை, விரல்ல உணர்ச்சி இல்ல, தோள்பட்டை இழுபடற அளவை வெச்சு கை அங்க இருக்கும்னு கணக்குப் போட்டுத் திருப்பறேன். திருகுது. சத்தம் நிக்குது. கேஜ் பார்த்தா 150ல இருந்தது 80க்கு வந்திருக்கு, ஒரு நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேலதான் ஆகியிருக்கும். டைவை அங்கயே முடிச்சோம், கயித்தைப் பிடிச்சு மெதுவா ஏறி, ஸ்டாப்புலயும், அதாவது உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளிய போக வழியில நிக்கற இடத்துலயும், ஒழுங்கா நின்னுட்டு வந்தோம்.

அதனால சொல்றேன், குளிர்ந்த தண்ணிக்குன்னு சீல் பண்ணின முதல் ஸ்டேஜ் வாங்குங்க, ஈஎன் 250ங்கற ஐரோப்பிய ஸ்டாண்டர்டுல 10 டிகிரிக்குக் கீழ டெஸ்ட் பண்ணினதான்னு கேளுங்க. ரெண்டு தனித்தனி முதல் ஸ்டேஜ், ரெண்டுக்கும் தனியா மூடற வால்வு, ட்ரைசூட் ஒண்ணுல, ஜாக்கெட் இன்னொண்ணுல. படகுல குளிர்காத்துல நின்னுட்டு ரெகுலேட்டர்ல நாலஞ்சு தடவை ஊதி ஊதி டெஸ்ட் பண்ணாதீங்க, மூச்சோட ஈரம் உள்ள போய் உட்கார்ந்துக்கும். காத்து விடும்போது சின்னச் சின்னதா விடுங்க, அந்த நேரத்துல மூச்சை இழுக்காதீங்க. அப்புறம் வால்வை மூடற பழக்கம், அதை க்ளவுஸோட, குளிர்ல, விரல் மரத்துப்போன நேரத்துல பழகுங்க, வீட்ல வெறுங்கையில பழகினது அங்க உதவாது.

கேள்வி: கேட்கவே கூச்சமா இருக்கு. ட்ரைசூட் போட்டுட்டு படகுல மணிக்கணக்கா இருக்கணும்னு சொல்றாங்க, பெண்கள் யூரினுக்கு என்ன பண்றது? தண்ணி குடிக்காம இருந்துடலாமா?

கூச்சமே வேணாம்மா, அங்க படகுல இதைத்தான் எல்லாரும் வெளிப்படையா பேசுவாங்க. தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க. குளிர்ல ரத்தம் கை கால்லேருந்து உள்பக்கம் வரும், தண்ணி அழுத்தமும் சேரும், அதனால யூரின் அதிகமாவேதான் வரும், அதோட குடிக்காமயும் இருந்தா உடம்பு வறண்டு போகும், அது டிகம்ப்ரெஷனுக்கு, அதாவது ஆழத்துல உடம்புல சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளிய போறதுக்கு, நல்லதில்ல. பெண்களுக்குன்னே உடம்போட ஒட்டற கப் மாதிரி ஒரு சாதனம் இருக்கு, அதுலேருந்து ட்யூப் போய் சூட்டுல இருக்கற பீ-வால்வ் வழியா வெளிய போகும், பழக ரெண்டு மூணு டைவ் ஆகும். அது பிடிக்கலைன்னா அடல்ட் டயப்பர், நிறைய பேர், ஆண்களும், அதைத்தான் போட்டுக்கறாங்க.

கேள்வி: சுடுதண்ணி, பேட்டரி ஹீட்டர் ஜாக்கெட் எல்லாம் வந்தாச்சே, இன்னும் குளிரைப் பத்தி ஏன் கவலைப்படணும்?

ஹீட்டர் வெஸ்ட் நல்லதுதான், ஆனா எப்ப போடறீங்கங்கறது முக்கியம். இறங்கும்போதே ஃபுல்லா போட்டுட்டு அடியில சுகமா இருந்தா ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், நைட்ரஜன் நிறைய உள்ள போகும். மேல வர்ற நேரத்துல பேட்டரி தீர்ந்து குளிர்ந்து போனா ரத்த ஓட்டம் குறைஞ்சு அந்த நைட்ரஜன் வெளிய வர மாட்டேங்குது. அமெரிக்கக் கடற்படையோட டைவிங் ஆராய்ச்சிப் பிரிவு இதைச் சோதிச்சுப் பார்த்து, அடியில சூடு மேல வரும்போது குளிருங்கறதுதான் மோசமான ஜோடின்னு சொல்லியிருக்கு. அதனால அடியில தாங்கற அளவுக்கு இருங்க, ஸ்டாப்புல நிக்கும்போது சூடா இருங்க. படகுல ஏறின உடனே கொதிக்கற தண்ணியில குளிக்கறதையும் கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்க, டீ குடிங்க முதல்ல.

கேள்வி: கடலுக்குள்ள அநாதையா கிடக்கற கப்பல்தானே, ஒரு சின்னத் துண்டு நினைவுக்கு எடுத்துட்டு வந்தா என்ன தப்பு?

இதுக்கு நான் மென்மையா பதில் சொல்லப் போறதில்ல. எடுக்காதீங்க. இந்த ஏழு கப்பலும் 2001லேருந்து பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம், பார்க்கலாம், எதையும் எடுக்கவோ கலைக்கவோ கூடாது, செஞ்சா சட்டப்படி குத்தம். பிரிட்டிஷ் கடல்ல மூழ்கின எந்தக் கப்பல்லேருந்து எதைக் கொண்டு வந்தாலும் 28 நாளுக்குள்ள ரிசீவர் ஆஃப் ரெக் அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும்னும் சட்டம் இருக்கு. அநாதையும் கிடையாது, 2019ல இதுல நாலு கப்பல் ஆன்லைன் விற்பனையில கைமாறிச்சு, மூணு போர்க்கப்பலும் தலா 25,500 பவுண்டுக்கு. காசு கொடுத்து வாங்கினவங்களே தொட முடியாது, அப்புறம் நாம எப்படி.

இன்னொரு விஷயம். அதே ஸ்கேப்பா ஃப்ளோவுல ராயல் ஓக்னு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கு. 1939 அக்டோபர் 14 விடியறதுக்கு முன்னாடி, எல்லாரும் தூங்கிட்டு இருந்த நேரத்துல யூ-47ங்கற ஜெர்மன் நீர்மூழ்கி உள்ள நுழைஞ்சு டார்பிடோ அடிச்சிடுச்சு. 800 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல பதினெட்டு வயசுகூட ஆகாத பசங்க நூறு பேருக்கு மேல. 1917ல வெடிமருந்து வெடிச்சு சிதறின வேன்கார்டுங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் அங்கதான், அதுலயும் 800 பேருக்கு மேல. இது ரெண்டும் போர்க்கல்லறை, நாம டைவ் பண்ணவே கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை கடற்படை டைவர்கள் மட்டும் இறங்கி ராயல் ஓக் மேல கொடி மாத்திட்டு வருவாங்க. ராயல் ஓக் கிடக்கற இடத்தைக் காட்டற மிதவையைப் படகு தாண்டிப் போகும்போது பேசிட்டு இருந்தவங்க தன்னால அமைதியாயிடுவாங்க, நானும் அதைப் பார்த்திருக்கேன். ஒரு துண்டு எடுக்கணும்னு தோணினா அந்த நேரத்தை நினைச்சுக்குங்க.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 58 வயசு, பழைய டைவர், பிபி மாத்திரை சாப்பிடறார். என்கூட வரேன்னு பிடிவாதம் பிடிக்கறார். அழைச்சுட்டுப் போகலாமா?

டைவிங் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டாம அழைச்சுட்டுப் போகாதீங்க, அவர் எவ்வளவு நல்லா நீந்தினாலும் சரி. குளிர்ந்த தண்ணியில இறங்கினதும் ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறும், ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும், சிலருக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கும், இம்மர்ஷன் பல்மனரி எடிமான்னு பேர். வயசும் பிபியும் குளிரும் இதுக்கு வாய்ப்பை அதிகமாக்குது. இதுல பயங்கரம் என்னன்னா மூச்சு வாங்கறது ரெகுலேட்டர் கோளாறுன்னே தோணும். இருமல், நெஞ்சுல கரகரன்னு சத்தம், நுரை மாதிரி சளி, இதுல ஒண்ணு வந்தாலும் டைவை முடிச்சு மேல வந்து தண்ணியை விட்டு வெளிய ஏறி ஆக்ஸிஜன் எடுத்துட்டு ஆஸ்பத்திரி போகணும். மேல வந்ததும் சரியாயிடுச்சுன்னு அடுத்த டைவுக்கு இறங்கவே கூடாது. ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்பவும் வரலாம்.

டாக்டர் ஓகே சொன்னார்னா அப்பாவோட சந்தோஷமா போயிட்டு வாங்க. பல படகுல இப்ப லிஃப்ட் இருக்கு, ஏணியில சிலிண்டரோட ஏற வேண்டியதில்ல, அது அந்த வயசுக்குப் பெரிய உதவி.

கேள்வி: குளிர்ந்த தண்ணியில கப்பல் கெடாம இருக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?

மரக்கப்பலுக்கு ஓரளவு உண்மை, ஆனா குளிர் மட்டும் காரணம் இல்ல. கடல்ல மரத்தைத் தின்னு தீர்க்கறது டெரிடோங்கற கப்பல் புழு, அதுக்கு உப்பு வேணும். பால்டிக் கடல்ல உப்பு ரொம்பக் கம்மி, அதனால ஸ்டாக்ஹோம்ல 1628 ஆகஸ்ட் 10ல முதல் பயணத்துலயே மூழ்கின வாசா கப்பலை 1961ல கிட்டத்தட்ட முழுசா தூக்க முடிஞ்சுச்சு, 333 வருஷம் கழிச்சு. வட அமெரிக்காவோட பெரிய ஏரிகள்லயும் அப்படித்தான், நன்னீர், குளிர், புழு கிடையாது, பாய்மரம் நிமிர்ந்து நிக்கற கப்பல் எல்லாம் இருக்கு. அங்க இப்ப வெளியிலேருந்து வந்த குவாகா சிப்பிகள் கப்பல் மேல அப்பிட்டு இருக்கறதுதான் பெரிய கவலை.

இரும்புக் கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. ஸ்கேப்பா ஃப்ளோ உப்புக்கடல், நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, துரு உள்ளயிருந்து தின்னுட்டே இருக்கு. அதோட பழைய காலத்துல பித்தளையும் செம்பும் எடுக்கறதுக்காக இஞ்சின் ரூம் பக்கம் வெடி வெச்சுப் பிளந்திருக்காங்க, இன்னொரு பக்கம் அணுகுண்டு சோதனைக்கு முன்னாடி உருக்கின இரும்புங்கறதால, அதுல கதிர்வீச்சுக் கலப்பு இல்லன்னு, கதிர்வீச்சை அளக்கற கருவிகளுக்காகவும் துண்டு துண்டா எடுத்திருக்காங்க. நான் முதல் தடவை போனப்ப ஒரு க்ரூசர்ல நிமிர்ந்து நின்ன டெக் பகுதி நாலு வருஷம் கழிச்சுப் போனப்ப சரிஞ்சு மண்ணுல கிடந்துச்சு. அதனாலயும் உள்ள நுழையாதீங்க. வெளியிலேருந்து பார்க்கவே ஒரு வாரம் பத்தாது.

கேள்வி: எனக்கு நீச்சலே தெரியாது. உங்க எழுத்தைப் படிச்சதுலேருந்து அந்த இடத்தைப் பார்க்கணும்னு இருக்கு. டைவ் பண்ணாதவங்களுக்கு அங்க என்ன இருக்கு?

நிறைய இருக்குங்க. ஸ்காட்லாந்தோட வடக்குக் கரையில ஸ்க்ராப்ஸ்டர்லேருந்து ஸ்ட்ரோம்னெஸுக்குக் கப்பல் போகுது, ஒன்றரை மணி நேரம். ஹாய் தீவுல லைனஸ்ங்கற பழைய கடற்படைத் தளம் இப்ப ம்யூசியம். பக்கத்துலயே கல்லறைத் தோட்டம், 1919 ஜூன் 21ல செத்த அந்த ஜெர்மன் மாலுமிகளும் அங்கதான் இருக்காங்க, அவங்களைக் காவல் காத்த தேசத்து மாலுமிகளுக்குப் பக்கத்துலயே. கிர்க்வால் ஊர்ல செயின்ட் மேக்னஸ் கதீட்ரல் உள்ள ராயல் ஓக்கோட மணியை வெச்சிருக்காங்க.

ராயல் ஓக் போனதுக்கு அப்புறம் கிழக்குப் பக்க வழிகளை அடைக்கறதுக்காகக் கட்டின சர்ச்சில் தடுப்பு மேல இப்ப ரோடு போகுது, அந்த வேலையில இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தாங்க, அவங்க ரெண்டு தகரக் கொட்டகையைச் சேர்த்துக் கட்டின சின்னச் சர்ச் அந்த ரோட்டு ஓரத்துலயே இருக்கு, அதை விடாம பாருங்க. தடுப்புக்கு முன்னாடி வழியை அடைக்க மூழ்கடிச்ச பழைய கப்பல்களோட முதுகு தண்ணிக்கு மேல துருப்பிடிச்சு நீட்டிட்டு இருக்கும். அலை இறங்கற நேரத்துல போங்க, அப்பதான் நிறைய தெரியும். கார்லேருந்து இறங்கி நின்னா முழங்கால் நனையாம பார்க்கலாம், ஸ்வெட்டர் மட்டும் நல்லதா எடுத்துக்குங்க, ஜூன்லயும் காத்து காதைப் பிச்சிடும்.